சிஸ்கோ, ஜூனிப்பர், அரிஸ்டா கலந்த நெட்வொர்க்: ஆட்டோமேஷனுக்கு நெட்கான்ஃபா, ரெஸ்ட்கான்ஃபா, ஜிஎன்எம்ஐயா?

மேசை_விளக்கு:

வணக்கம். எங்களிடம் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. அலுவலகக் கட்டடங்களில் அக்சஸ் சுவிட்ச்கள் பெரும்பாலும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300, ஐஓஎஸ் எக்ஸ்இ 17 என்ற மென்பொருள் ஓடுகிறது. மாற்றப்படாத 2960-எக்ஸ் சுவிட்ச்களும் சில மாடிகளில் இருக்கின்றன. எட்ஜில் இரண்டு ஜூனிப்பர் எம்எக்ஸ் ரூட்டர்கள். டேட்டா சென்டரில் அரிஸ்டா லீஃப்-ஸ்பைன் (இரண்டு அடுக்காக இணைத்த சுவிட்ச்கள்). இவை போக யூபிஎஸ், ரேக்குக்கு மின்சாரம் தரும் பிடியூ எல்லாம் எஸ்என்எம்பி என்ற பழைய கண்காணிப்பு புரோட்டோகால் மட்டும்தான் பேசும்.

இப்போது விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரிக்கும் தனி நெட்வொர்க்) சேர்க்க, போர்ட் மாற்ற நெட்மிகோ (சாதனத்துக்குக் கமாண்ட் வரிகளை அனுப்பும் பைத்தான் நூலகம்) ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறோம். கண்காணிப்புக்கு 5 நிமிடத்துக்கு ஒரு முறை எஸ்என்எம்பி போலிங். ஸ்கிரிப்ட் ஏதாவது ஒரு சுவிட்சில் பாதியில் நின்றுவிட்டால் ஒருவர் உட்கார்ந்து எந்த வரி ஏறியது, எந்த வரி ஏறவில்லை என்று கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. மேலிடம் இதை முறையான ஆட்டோமேஷனாக மாற்றச் சொல்கிறது, கூடவே ஒரே ஒரு புரோட்டோகாலைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றுக்கும் அதையே வைத்துக்கொள்ளவும் சொல்கிறது. குழுவில் நான்கு பேர், எல்லோருக்கும் பைத்தான் தெரியும். சாதனங்களை நிரலால் படிக்கவும் மாற்றவும் உதவும் நெட்கான்ஃப், ரெஸ்ட்கான்ஃப், ஜிஎன்எம்ஐ என்ற புரோட்டோகால்களில் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள், ஏன்?

வடக்கு_ரேக்:

ஜிஎன்எம்ஐ. யோசிக்க வேண்டியதில்லை என்றே சொல்வேன்.

நாங்கள் டேட்டா சென்டரில் அரிஸ்டாவும் நோக்கியா எஸ்ஆர் லினக்ஸும் வைத்திருக்கிறோம். எழுதுவதற்கும் படிப்பதற்கும் ஒரே வழி. கெட், செட், சப்ஸ்கிரைப், கேப்பபிலிட்டீஸ் என்று நான்கே அழைப்புகள், புதிதாக வருபவருக்கு ஒரு மதியத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அடியில் ஜிஆர்பிசி (தொலைவிலுள்ள செயலை அழைக்கும் முறை), எச்டிடிபி 2 மேல் ஓடுகிறது, டேட்டா புரோட்டோபஃப் என்ற சுருக்கமான வடிவில் வருவதால் எக்ஸ்எம்எல் போல வீங்காது. கமாண்ட் லைனில் சோதித்துப் பார்க்க ஜிஎன்எம்ஐசி என்ற கருவி இருக்கிறது, கோ தெரிந்திருக்கத் தேவையில்லை. பைத்தானுக்கு பைஜிஎன்எம்ஐ.

முக்கியமானது சப்ஸ்கிரைப். 5 நிமிடத்துக்கு ஒரு முறை போய் 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்பதை விட்டுவிட்டு, பிஜிபி பியர் (வழித்தகவல் பரிமாறும் அண்டை ரூட்டர்) விழுந்த அந்த நொடியில் சாதனமே சொல்லட்டும். ஆன்-சேஞ்ச் என்று கேட்டால் நிலை மாறும்போது மட்டும் அனுப்பும், சாம்பிள் என்று கேட்டால் நீங்கள் சொன்ன இடைவெளியில் அனுப்பும். இடைவெளியை நானோ செகண்டில் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், 10 நொடி என்றால் 10 பின்னால் 9 பூஜ்யம்.

செட் அழைப்பும் ஒரே டிரான்சாக்‌ஷன்தான். ஒரு செட்டுக்குள் டெலீட், ரிப்ளேஸ், அப்டேட் என்ற வரிசையில் சாதனம் எடுத்துக்கொள்ளும், எதாவது ஒன்று தோற்றால் எதுவுமே ஏறாது. மேசை_விளக்கு சொன்ன 'பாதியில் நின்றது' பிரச்சினை அங்கேயே முடிந்தது.

நள்ளிரவு_என்ஓசி:

வடக்கு_ரேக் சொன்னதில் சப்ஸ்கிரைப் பற்றிய பகுதி முழுக்கச் சரி. செட் பற்றிச் சொன்னதும் சரிதான், ஆனால் பிரச்சினை அங்கே முடிவதில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புரோட்டோகாலைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் ஜேசானா எக்ஸ்எம்எல்லா, எது வேகம், எது புதுசு என்றுதான் பேச்சு போகும். நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: நான் அனுப்பிய மாற்றமே எனக்கும் சாதனத்துக்கும் நடுவில் இருக்கும் இணைப்பை வெட்டிவிட்டால் அடுத்து என்ன நடக்கும்? அக்சஸ் சுவிட்ச்களில் இது ரொம்ப சாதாரணம், ஏனென்றால் மேனேஜ்மென்ட் ட்ராஃபிக்கும் அதே அப்லிங்க் வழியாகத்தான் போகிறது. அப்லிங்க் ட்ரங்கில் (பல விலான்களைச் சுமக்கும் மேல் இணைப்பில்) விலான் பட்டியலை மாற்றும்போது 'ஆட்' என்ற சொல்லை விட்டுவிட்டால் போதும், சிஸ்கோ சிஎல்ஐயில் (கமாண்ட் அடிக்கும் இடைமுகத்தில்) பழைய பட்டியல் முழுக்கப் போய் புதிய விலான் மட்டும் நிற்கும், மேனேஜ்மென்ட் விலானும் அதோடு போய்விடும். அப்புறம் கன்சோல் கேபிளோடு ஒருவர் அந்த மாடிக்கு ஏற வேண்டியதுதான்.

இங்கே டிரான்சாக்‌ஷன் மட்டும் இருந்தால் போதாது. அந்த மாற்றம் இலக்கணப்படி சரியானது, எந்த வரியும் தோற்கவில்லை, ஜிஎன்எம்ஐ செட் 'ஓகே' சொல்லிவிடும், மாற்றம் முழுதாக ஏறி முழுதாக உங்களை வெளியே தள்ளிவிடும். தேவைப்படுவது கன்ஃபர்ம்ட் கமிட். அது நெட்கான்ஃபில் தரப்படுத்தப்பட்ட வசதி. மாற்றத்தை கேண்டிடேட் டேட்டாஸ்டோரில் (இன்னும் செயலுக்கு வராத வரைவுப் பிரதியில்) எழுதுகிறீர்கள், வேலிடேட் செய்கிறீர்கள், 'கமிட் செய், ஆனால் நான் 120 நொடிக்குள் உறுதி சொல்லாவிட்டால் பழையபடி திரும்பிவிடு' என்கிறீர்கள். நேரம் சொல்லாவிட்டால் நெட்கான்ஃபின் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 6241 படி 600 நொடி. நீங்கள் வெளியே தள்ளப்பட்டால் உறுதி சொல்ல ஆளில்லை, சாதனம் தானே பழைய கான்ஃபிகுக்குத் திரும்பிவிடும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம். கன்ஃபர்ம்ட் கமிட் கொடுத்த செஷன் அறுந்தால் டைமர் முடியும் வரைகூடக் காத்திருக்காது, உடனே திரும்பிவிட வேண்டும் என்பதுதான் விதி. மேனேஜ்மென்ட் ஐபியையே மாற்றும் வேலையில் இது உங்களுக்கு எதிராகப் போகும், ஏனென்றால் அங்கே செஷன் அறுவது எதிர்பார்த்ததுதான், புது ஐபியில் மீண்டும் நுழைந்து உறுதி சொல்ல வேண்டும். அதற்காகவே 'பெர்சிஸ்ட்' என்று ஒரு அடையாளச் சொல்லைக் கமிட்டோடு கொடுக்கலாம். கொடுத்தால் செஷன் அறுந்தாலும் டைமர் ஓடும், வேறு செஷனிலிருந்து அதே அடையாளத்தைச் சொல்லி உறுதிப்படுத்தலாம்.

இது தற்செயலாக வந்ததில்லை. 2002 ஜூனில் இணையத் தரநிலைகளை மேற்பார்வையிடும் ஐஏபி ஒரு பட்டறை நடத்தியது, நெட்வொர்க் நடத்துபவர்களையும் புரோட்டோகால் எழுதுபவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்தார்கள். அதன் அறிக்கைதான் 2003இல் வந்த ஆர்எஃப்சி 3535. நடத்துபவர்கள் நேராகச் சொன்னார்கள்: கான்ஃபிகுக்கு எஸ்என்எம்பியை நாங்கள் பயன்படுத்துவதில்லை. கான்ஃபிக் வேறு, நிலைத் தகவல் வேறு என்று பிரித்துக் கொடுங்கள், ஒரு சாதனத்தில் மட்டுமல்ல, பல சாதனங்களில் சேர்த்துச் செய்யும் மாற்றத்துக்கும் டிரான்சாக்‌ஷன் வேண்டும், முழு கான்ஃபிகையும் இறக்கி ஏற்ற வழி வேண்டும். 2006 டிசம்பரில் நெட்கான்ஃபின் முதல் ஆர்எஃப்சி 4741 வந்தது, 2010இல் டேட்டா மாடல்களை எழுதும் மொழியான யாங், 2011இல் திருத்திய 6241. வேலை செய்பவர்களின் குறையைக் கேட்டு எழுதியது என்பது படித்தாலே தெரியும்.

அந்தப் பல சாதன டிரான்சாக்‌ஷனும் நடைமுறையில் இதே வசதியால்தான் சாத்தியம். 12 சுவிட்சில் ஒரு விலான் போக வேண்டும் என்றால் எல்லாவற்றிலும் கன்ஃபர்ம்ட் கமிட் கொடுங்கள், எல்லாம் சரியாக ஏறி ட்ராஃபிக் ஓடுகிறதா என்று பாருங்கள், பிறகு எல்லாவற்றுக்கும் உறுதி சொல்லுங்கள். ஒன்றில் தோற்றாலும் யாருக்கும் உறுதி சொல்லாதீர்கள், 12ம் தானாகப் பழைய நிலைக்குப் போய்விடும்.

ஆக என் பதில்: எழுத நெட்கான்ஃப், படிக்க ஜிஎன்எம்ஐ. ஒரே புரோட்டோகால் என்ற விதியை மேலிடத்திடம் பேசி எடுத்துவிடுங்கள்.

வடக்கு_ரேக்:

ஜிஎன்எம்ஐயிலும் கமிட் கன்ஃபர்ம்ட் இருக்கிறது, எக்ஸ்டென்ஷனாகச் சேர்த்திருக்கிறார்களே.

நள்ளிரவு_என்ஓசி:

ஸ்பெக்கில் சேர்த்திருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அது பின்னால் வந்தது. உங்கள் மென்பொருள் பதிப்பில் இருக்கிறதா என்று சாதனத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். ஜூனிப்பரின் மென்பொருளான ஜூனோஸில் கமிட் கன்ஃபர்ம்ட் எத்தனையோ வருடங்களாக ஓடித் தேறிய வசதி. எழுதுவதற்கு நான் பழையதைத்தான் நம்புவேன். உங்களுடையது போல டேட்டா சென்டர் மட்டும் என்றால், மேனேஜ்மென்டுக்குத் தனி நெட்வொர்க் இருந்தால், நீங்கள் சொல்வதில் தப்பே இல்லை. மாற்றம் தவறானாலும் பின்வாசல் திறந்திருக்கும்.

பழைய_ரூட்டர்:

எல்லோரும் சிஎல்ஐயைத் தாண்டிப் போகிறீர்கள், அதனால் அதன் பக்கமும் ஒருவர் பேச வேண்டும்.

தானாகத் திரும்பும் வசதி நெட்கான்ஃபின் சொத்து இல்லை. ஐஓஎஸ் எக்ஸ்இயில் ஆர்க்கைவ் அமைத்துவிட்டு 'கான்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 5' என்று நுழையுங்கள், 5 நிமிடத்துக்குள் 'கான்ஃபிகர் கன்ஃபர்ம்' சொல்லாவிட்டால் திரும்பிவிடும். ஜூனோஸில் 'கமிட் கன்ஃபர்ம்ட்', இயல்பாக 10 நிமிடம். அரிஸ்டாவில் கான்ஃபிகரேஷன் செஷன் திறந்து 'கமிட் டைமர்'. மூன்றிலும் இருக்கிறது. 2960-எக்ஸுக்கு யாங் அடிப்படையிலான நெட்கான்ஃப் கிடையவே கிடையாது, அங்கே சிஎல்ஐ தவிர வழியும் இல்லை. நான்கு பேர் குழு, நெட்மிகோ ஏற்கனவே ஓடுகிறது. புதிதாக எக்ஸ்எம்எல், யாங் என்று எல்லாவற்றையும் கற்பதற்குப் பதில் இருக்கும் ஸ்கிரிப்டில் இந்த மூன்றையும் சேர்த்தால் பிரச்சினையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். புரோட்டோகால் மாற்றினால் மட்டும் ஒழுங்கு வந்துவிடாது.

யாங்_வாசிப்பு:

பழைய_ரூட்டர் ஐயா சொல்வது நியாயமான வாதம், அந்த ரிவர்ட் டைமரை இன்றைக்கே சேர்க்கலாம், யாரும் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் சிஎல்ஐயின் பெரிய குறை திரும்பி வருவதில் இல்லை, சாதனம் என்ன பதில் சொன்னது என்று ஸ்கிரிப்டுக்குத் தெரிவதில்தான்.

தவறான வரியைக் கொடுத்தால் ஐஓஎஸ் ஒரு சதவீதக் குறியும் ஒரு மேல்நோக்கிய அம்புக்குறியும் போட்டு மனிதருக்கு எழுதிக் காட்டுகிறது. நெட்மிகோவில் கான்ஃபிக் வரிகளை அனுப்பும் ஃபங்ஷன், நீங்கள் எரர் பேட்டர்ன் என்று தனியாகக் கொடுக்காவிட்டால், அதையும் சாதாரண வெளியீடாக எடுத்துக்கொண்டு அடுத்த வரியை அனுப்பிவிடும். மேசை_விளக்கு சொன்ன 'எந்த வரி ஏறவில்லை' என்ற தேடல் இங்கிருந்துதான் வருகிறது. நெட்கான்ஃபில் ஆர்பிசி-எரர் என்று தனிப் பதில் வரும், என்ன வகைப் பிழை, எந்தப் பாதையில் என்பது அதிலேயே இருக்கும். ஷோ கமாண்ட் வெளியீட்டை டெக்ஸ்ட்எஃப்எஸ்எம் என்ற உரை பிரிக்கும் கருவி வைத்துப் பிரிப்பதும் அப்படித்தான், மென்பொருள் மேம்படுத்தலில் ஒரு நெடுவரிசை நகர்ந்தால் சத்தமில்லாமல் தவறான மதிப்பைத் தரும். சத்தமில்லாமல் என்பதுதான் எனக்குப் பயம்.

இன்னொன்று. புரோட்டோகாலைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், உண்மையில் உங்கள் வேலையில் பெரும்பங்கு டேட்டா மாடலோடுதான் (எந்த அமைப்பு எந்தப் பெயரில், எந்த இடத்தில் என்ற வரையறை) இருக்கும். நெட்கான்ஃப், ரெஸ்ட்கான்ஃப், ஜிஎன்எம்ஐ மூன்றும் யாங் மாடலில் உள்ளதைத்தான் சுமந்து போகின்றன. அந்த மாடல் மூன்று வகை: சாதனம் செய்த நிறுவனத்தின் சொந்த மாடல், இணையத் தரநிலை அமைப்பான ஐஇடிஎஃப்பின் மாடல், நெட்வொர்க் நடத்துபவர்கள் சேர்ந்து எழுதும் பொது மாடலான ஓப்பன்கான்ஃபிக். எல்லாச் சாதனத்துக்கும் ஒரே ஓப்பன்கான்ஃபிக் என்று கேட்க அழகாக இருக்கும், டேட்டா சென்டரில் அது பெரும்பாலும் நடக்கும். கேம்பஸ் சுவிட்சில் 802.1எக்ஸ், வாய்ஸ் விலான், போர்ட் செக்யூரிட்டி என்று இறங்கினால் சொந்த மாடலுக்குத்தான் வர வேண்டியிருக்கும். பொது மாடல் இருந்தாலும் டீவியேஷன் கோப்பைத் திறந்து பாருங்கள், எந்தக் கிளை இங்கே இல்லை என்பதை நிறுவனமே அதில் எழுதியிருக்கும்.

பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று என்றும் நம்ப வேண்டாம். இன்டர்ஃபேஸ் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) ஜூனோஸில் ஈதர்நெட் தலைப்பையும் சேர்த்து 1514, ஐஓஎஸ் எக்ஸ்இயில் சேர்க்காமல் 1500. இரண்டு பக்கமும் ஒரே எண்ணை எழுதும் டெம்ப்ளேட் ஓஎஸ்பிஎஃப் என்ற ரூட்டிங் புரோட்டோகாலின் அண்டை உறவை எக்ஸ்டார்ட் என்ற தொடக்க நிலையிலேயே நிறுத்திவிடும், எந்த புரோட்டோகாலும் இதைக் காப்பாற்றாது.

நடைமுறைக்கு இரண்டு உதவி. ஜூனோஸில் எந்த ஷோ கமாண்டுக்கும் பின்னால் 'டிஸ்ப்ளே எக்ஸ்எம்எல் ஆர்பிசி' என்று பைப் போட்டால் அதற்கான ஆர்பிசியைக் காட்டும். ஐஓஎஸ் எக்ஸ்இயின் புதிய 17 வெளியீடுகளில் ரன்னிங் கான்ஃபிகை 'ஃபார்மேட் நெட்கான்ஃப்-எக்ஸ்எம்எல்' என்று பைப் போட்டு வாங்கலாம். மாடலை முதல் பக்கத்திலிருந்து படிப்பதைவிட, தெரிந்த கான்ஃபிகைக் கையால் போட்டு அது மாடலில் எங்கே விழுகிறது என்று பார்ப்பது விரைவான வழி. அதன் பிறகு பையாங் என்ற கருவி வைத்து மர வடிவில் விரித்துப் பாருங்கள்.

புதுவரவு:

அண்ணா, நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. எனக்கு ரெஸ்ட் ஏபிஐ நன்றாகத் தெரியும், பைத்தானில் ரிக்வெஸ்ட்ஸ் போதும், போஸ்ட்மேனில் சோதித்துவிடலாம். ரெஸ்ட்கான்ஃபை யாரும் ஏன் சொல்லவில்லை? எக்ஸ்எம்எல் நேம்ஸ்பேஸ் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

யாங்_வாசிப்பு:

நல்ல கேள்வி தம்பி. ரெஸ்ட்கான்ஃப் 2017இல் ஆர்எஃப்சி 8040 ஆக வந்தது. ஒரு பொருள், ஒரு மாற்றம் என்ற அளவில் அது அருமையானது. உதாரணத்துக்கு ஹெல்ப்டெஸ்க் ஆட்கள் ஒரு வலைப்பக்கத்தில் போர்ட்டின் விவரத்தை மாற்றவோ, ஒரு போர்ட்டை அணைத்து எழுப்பவோ வேண்டும் என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன்.

ஆனால் அதில் கேண்டிடேட் உங்கள் கைக்கு வராது. ஒவ்வொரு அழைப்பும் வந்தவுடன் நேராகச் செயலுக்குப் போகிறது. லாக் (மற்றவர் மாற்றாமல் பூட்டுவது) இல்லை, கன்ஃபர்ம்ட் கமிட் இல்லை. பல மாற்றங்களை ஒரே அழைப்பில் அனுப்ப ஆர்எஃப்சி 8072இல் யாங் பேட்ச் என்று ஒன்று உண்டு, சாதனம் ஆதரிக்க வேண்டும். நெட்கான்ஃப் வழியாக வேறு ஒருவர் லாக் வைத்திருந்தால் உங்கள் அழைப்பு 409 என்று திரும்பி வரும், அதைப் பிழையாக நினைத்துக்கொண்டு உடனே திரும்பத் திரும்ப அடிக்காமல் காத்திருந்து முயல வேண்டும்.

ரொம்பக் கவனமாக இருக்க வேண்டியது 'புட்'. 'பேட்ச்' இருப்பதோடு சேர்க்கும், 'புட்' இருப்பதை எடுத்துவிட்டு நீங்கள் கொடுத்ததை மட்டும் வைக்கும். ஒரு இன்டர்ஃபேஸின் முகவரிக்குக் கொடுக்க வேண்டிய புட்டை ஒரு படி மேலே இன்டர்ஃபேஸஸ் என்ற முகவரிக்குக் கொடுத்தால் மற்ற இன்டர்ஃபேஸ் கான்ஃபிக் எல்லாம் நீக்கப்படும். ஜிஎன்எம்ஐயில் ரிப்ளேஸுக்கும் இதே எச்சரிக்கை. பழகும் வரை பேட்ச் மட்டும் பயன்படுத்து. அப்புறம் இன்டர்ஃபேஸ் பெயரில் 1/0/1 என்று சாய்கோடு வருகிறதே, அதை முகவரியில் அப்படியே எழுதினால் 404தான் வரும், சாய்கோட்டைச் சதவீதக் குறி முறையில் என்கோட் செய்ய வேண்டும்.

இந்த இழையின் கேள்விக்கு வந்தால் ரெஸ்ட்கான்ஃப் அடிபட இன்னொரு காரணமும் போதும். ஜூனோஸில் இருக்கும் ரெஸ்ட் ஏபிஐ வேறு, ஜூனோஸின் ஆர்பிசிகளை எச்டிடிபி வழியாக அழைக்கத் தருவது அது, ஆர்எஃப்சி 8040 இல்லை. எம்எக்ஸ் இருக்கும் இடத்தில் ரெஸ்ட்கான்ஃப் ஒரே புரோட்டோகாலாக இருக்க முடியாது.

எக்ஸ்எம்எல் நேம்ஸ்பேஸுக்குப் பயப்படாதே. என்சிகிளையன்ட் என்ற பைத்தான் நூலகம் வைத்துக்கொண்டு எக்ஸ்எம்எல்லை ஜின்ஜா டெம்ப்ளேட்டாக எழுதிவிட்டால் தினமும் அதைப் பார்க்கவே வேண்டியிருக்காது. ஜூனிப்பருக்கு பைஇஇசட் என்ற நூலகம் இருக்கிறது, அது அடியில் நெட்கான்ஃப்தான்.

நாலாம்_மாடி:

கண்காணிப்புப் பக்கம் பற்றி நான் சொல்கிறேன், என் வேலை அதுதான்.

எஸ்என்எம்பியைத் தூக்கிப் போட முடியாது, போடவும் வேண்டாம். யூபிஎஸ், பிடியூ எல்லாம் ஜிஎன்எம்ஐ பேசப்போவதில்லை. அவற்றுக்கு வி3 ஆதரவு இருந்தால் அங்கீகாரமும் மறையாக்கமும் இரண்டையும் போட்டு வையுங்கள், வி2சியில் கம்யூனிட்டி சொல் வெறும் எழுத்தாகக் கம்பியில் போகிறது. எழுதும் உரிமையுள்ள கம்யூனிட்டி எங்காவது இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

சுவிட்ச், ரூட்டருக்கு 5 நிமிடப் போலிங் போதாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 5 நிமிடச் சராசரியில் 40 சதவீதம் என்று காட்டும் லிங்க், நடுவில் சில நொடிகள் நிரம்பி வழிந்து பாக்கெட்டைக் கொட்டியிருக்கும், வரைபடத்தில் அது தெரியவே தெரியாது. பழைய 32 பிட் கவுன்டரை இன்னும் எங்காவது கேட்டுக்கொண்டிருந்தால் அதையும் பாருங்கள். 10 ஜிகாபிட் லிங்க் நிரம்பி ஓடினால் அந்தக் கவுன்டர் மூன்றரை நொடிக்குள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும், 1 ஜிகாபிட்டில் 34 நொடி. 5 நிமிடத்துக்கு ஒரு முறை படித்தால் எத்தனை சுற்றுப் போனது என்று யாருக்கும் தெரியாது. 64 பிட் எச்சி கவுன்டர்தான் கேட்க வேண்டும்.

ஜிஎன்எம்ஐக்கு மாறும்போது எல்லாவற்றையும் ஆன்-சேஞ்சில் கேட்காதீர்கள். பைட் கவுன்டர் எப்போதும் மாறிக்கொண்டே இருக்கும், அதற்குச் சாம்பிள், 10 அல்லது 30 நொடி. போர்ட் நிலை, பிஜிபி நிலை, மின்விசிறி, பவர் சப்ளை இவற்றுக்கு ஆன்-சேஞ்ச். எந்தப் பாதைக்கு ஆன்-சேஞ்ச் கிடைக்கும் என்பது சாதனத்துக்குச் சாதனம், பதிப்புக்குப் பதிப்பு மாறும், போட்டுப் பார்த்துவிடுங்கள். அளவீடுகளைச் சேகரிக்கும் டெலிகிராஃபில் ஜிஎன்எம்ஐ ப்ளகின் இருக்கிறது, ஜிஎன்எம்ஐசியே நேராக ப்ரோமீதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளுக்குக் கொடுக்கும்.

ஜிஎன்எம்ஐயின் போர்ட் எண்ணும் ஒன்றாக இருக்காது. இணைய எண்களை நிர்வகிக்கும் ஐஏஎன்ஏ ஒதுக்கியது 9339, அரிஸ்டாவில் இயல்பாக 6030, நோக்கியாவில் 57400. நெட்கான்ஃப் எல்லா இடத்திலும் 830 என்பது ஃபயர்வால் குழுவோடு பேசும்போது எவ்வளவு நிம்மதி தெரியுமா.

பழைய_ரூட்டர்:

பாதுகாப்புப் பக்கம் யாரும் தொடவில்லை. டாகாக்ஸ் (பயனர் அனுமதியை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் முறை) வைத்து யார் எந்தக் கமாண்டை அடித்தார் என்று ஒவ்வொரு வரியும் பதிவாகிறது. நெட்கான்ஃபுக்கு மாறினால் ஆடிட்டருக்கு எதைக் காட்டுவது?

நள்ளிரவு_என்ஓசி:

இது உண்மையான இழப்பு, மறைத்துப் பேச வேண்டாம். கமாண்ட் அளவிலான அனுமதி நெட்கான்ஃபில் அப்படியே வராது. அதற்கு இணையானது நேக்கம், ஆர்எஃப்சி 8341. எந்தக் குழு எந்தக் கிளையைப் படிக்கலாம், எழுதலாம் என்று மாடல் மரத்தின் மேல் விதி எழுத வேண்டும். ஐஓஎஸ் எக்ஸ்இயில் தொடக்கத்தில் பிரிவிலேஜ் 15 பயனர்தான் உள்ளே வர முடியும், அதனால் ஆட்டோமேஷனுக்கென்று தனிப் பயனர் வைத்து, 830 போர்ட்டை ஆட்டோமேஷன் சர்வரின் ஐபிக்கு மட்டும் திறந்துவையுங்கள். யார் செய்தார் என்பதற்கான பதிவு இனி சாதனத்தில் இருக்காது, மாற்ற வரலாற்றைப் பதியும் கிட் என்ற கருவியில் இருக்கும்: யார் மாற்றத்தை எழுதினார், யார் பார்த்து ஒப்புதல் கொடுத்தார், எப்போது ஓடியது. ஆடிட்டரிடம் முன்பே உட்கார்ந்து இதைப் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், முடிந்த பிறகு பேசினால் சண்டைதான்.

நெட்கான்ஃப் எஸ்எஸ்எச் மேல் ஓடுவதால் உங்களிடம் ஏற்கனவே இருக்கும் கீ, ஏஏஏ (பயனர் சரிபார்ப்பு, அனுமதி, பதிவு) அமைப்பு அப்படியே உதவும். ஜிஎன்எம்ஐக்கு டிஎல்எஸ் சான்றிதழ் வேண்டும், ஒவ்வொரு சாதனத்துக்கும். சோதனையில் 'ஸ்கிப் வெரிஃபை' போட்டு ஓட்டுவார்கள், அது அப்படியே புரொடக்‌ஷனுக்கு வந்து நிரந்தரமாகிவிடும். ஒரே நாளில் வெளியிட்ட சான்றிதழ்கள் ஒரே நாளில் காலாவதியாகும், கண்காணிப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் இருண்டுவிடும். தேதிகளைப் பிரித்து வையுங்கள். புதுப்பிக்க ஜிஎன்ஓஐயில் (ஜிஎன்எம்ஐக்குத் துணையான, இயக்கப் பணிகளுக்கான இடைமுகத்தில்) தனி அழைப்பு உண்டு, அது உங்கள் சாதனங்களில் வேலை செய்கிறதா என்பதை டெலிமெட்ரி (சாதனமே தகவல் அனுப்பும் கண்காணிப்பு) தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

மேசை_விளக்கு:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. குழுவில் பேசி எடுத்த முடிவு இது. கேட்டலிஸ்டுக்கும் எம்எக்ஸுக்கும் கான்ஃபிக் எழுத நெட்கான்ஃப், சொந்த மாடல்களோடு. அரிஸ்டாவில் மேனேஜ்மென்டுக்குத் தனி நெட்வொர்க் இருப்பதால் எழுதவும் படிக்கவும் ஜிஎன்எம்ஐ, ஓப்பன்கான்ஃபிக். 2960-எக்ஸ் தவிர டெலிமெட்ரி எல்லா இடத்திலும் ஜிஎன்எம்ஐ. பிடியூ, யூபிஎஸ் எஸ்என்எம்பி வி3. 2960-எக்ஸ் மாற்றப்படும் வரை நெட்மிகோ, ஆனால் ரிவர்ட் டைமரோடும் எரர் பேட்டர்னோடும். ஒரே புரோட்டோகால் என்ற விதிக்குப் பதில், 'தானாகத் திரும்பும் வழி இல்லாத எந்த மாற்றமும் ஆட்டோமேஷனில் போகாது' என்ற விதியை மேலிடம் ஏற்றுக்கொண்டது.

இரண்டு சந்தேகம் பாக்கி. கேட்டலிஸ்டில் கேண்டிடேட்டை இயக்கினால் ஏதாவது உடையுமா? எம்எக்ஸில் ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்தில் யாராவது சிஎல்ஐயில் இருந்தால்?

நள்ளிரவு_என்ஓசி:

கேட்டலிஸ்ட்: 'நெட்கான்ஃப்-யாங் ஃபீச்சர் கேண்டிடேட்-டேட்டாஸ்டோர்' கொடுத்ததும் நெட்கான்ஃப், ரெஸ்ட்கான்ஃப் சேவைகள் மறுதொடக்கம் ஆகும், ஓடிக்கொண்டிருக்கும் செஷன்கள் அறுந்துவிடும். ட்ராஃபிக்குக்கு ஒன்றும் ஆகாது. அதன் பிறகு நெட்கான்ஃப் வழியாக ரன்னிங்கில் (இப்போது ஓடும் கான்ஃபிகில்) நேராக எழுத முடியாது, எல்லாம் கேண்டிடேட் வழியாகத்தான், அதனால் பழைய ஸ்கிரிப்ட் எதாவது ரன்னிங்கைக் குறிவைத்தால் தோற்கும். ஸ்டார்ட்அப் (மறுதொடக்கத்தில் ஏறும் கான்ஃபிக்) தனி என்பதையும் மறக்காதீர்கள். உறுதிக் கமிட் முடிந்ததும் சேவ்-கான்ஃபிக் ஆர்பிசி அனுப்பாவிட்டால் அடுத்த மின்தடையில் மாற்றம் காணாமல் போகும்.

எம்எக்ஸ்: இதில்தான் கவனம் வேண்டும். ஜூனோஸில் கேண்டிடேட் பொதுவானது. ஒருவர் சிஎல்ஐயில் நான்கு வரி மாற்றிவைத்துவிட்டு கமிட் செய்யாமல் தேநீருக்குப் போயிருந்தால், உங்கள் ஸ்கிரிப்ட் லாக் இல்லாமல் வந்து கமிட் கொடுத்தால் அவருடைய பாதி மாற்றமும் சேர்ந்து ஏறிவிடும். எப்போதும் முதலில் லாக். கமிட் ஆகாத மாற்றம் கேண்டிடேட்டில் கிடந்தால் லாக் கிடைக்காது, அது தொல்லை அல்ல, அதுதான் பாதுகாப்பு. ஸ்கிரிப்ட் அங்கே நின்று யாருடைய மாற்றம் என்று சொல்லிவிட்டு வெளியேற வேண்டும், அழித்துவிட்டு முன்னே போகக்கூடாது. பைஇஇசட்டில் கான்ஃபிக் திறக்கும்போது மோட் எக்ஸ்க்ளூசிவ் என்று கொடுங்கள். மனிதர்களை 'கான்ஃபிகர் ப்ரைவேட்' பழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

புரொடக்‌ஷனுக்குப் போகும் முன் ஒரு சோதனை. லேபில் ஒரு கேட்டலிஸ்டை எடுத்து, கன்ஃபர்ம்ட் கமிட் கொடுத்த பிறகு ஸ்கிரிப்ட் ஓடும் சர்வரின் கேபிளைப் பிடுங்குங்கள். கன்சோலில் உட்கார்ந்து கான்ஃபிக் திரும்பியதா என்று பாருங்கள். டிசிபி அறுந்ததைச் சாதனம் உணரத் தாமதமாகலாம், அதனால் டைமர் முடியும் வரை காத்திருங்கள். பெர்சிஸ்டோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை. எம்எக்ஸிலும் அதே. இரண்டிலும் தேறிய பதிப்பு எண்ணைக் குறித்துவைத்து, மென்பொருள் மேம்படுத்தும்போதெல்லாம் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.